கேள்வி கேட்கக் கூடாத பாடம்!

2005-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்திலே, டோவர் என்ற சிற்றூரின் உயர்நிலைப் பள்ளியில், ஒன்பதாம் வகுப்பு உயிரியல் மாணவர்களுக்கு ஓர் அறிக்கை படிக்கப்பட்டது. படித்தவர் ஆசிரியரல்லர், பள்ளி நிர்வாகத்தின் மேலதிகாரி. ஆசிரியர்கள் அதைப் படிக்க மறுத்துவிட்டனர். நான்கே பத்திகள் கொண்ட அந்த அறிக்கை, டார்வினின் கொள்கை வெறும் கொள்கைதான், உண்மையென்று கொள்ளத்தக்கதன்று, அதிலே ஓட்டைகள் உண்டு என்று கூறிற்று. உயிர்களின் தோற்றத்துக்கு 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்று வேறொரு விளக்கமும் இருப்பதாகவும், அதை அறிய விரும்புவோருக்குப் பள்ளியிலேயே ஒரு புத்தகம் வைக்கப்பட்டிருப்பதாகவும் கூறிற்று. படித்து முடித்ததும் மாணவருக்குச் சொல்லப்பட்டது என்ன? இதுபற்றி வகுப்பிலே விவாதம் கிடையாது. ஆசிரியர்கள் இதுபற்றிய கேள்விகளுக்கு விடை தரமாட்டார்கள்!

திறந்த மனத்தோடிருங்கள் என்று அதே அறிக்கை மாணவர்களுக்கு அறிவுரையும் வழங்கியிருந்தது. மனத்தைத் திறந்து வை. வாயை மூடி வை! டோவர் பள்ளிக் குழுவினர் கண்டுபிடித்த புதுமையான கல்விமுறை இதுதான்!

கேள்வி கேட்காதே என்பது பட்டாளத்திலே கட்டளையாக இருக்கலாம். மடத்திலே உபதேசமாக இருக்கலாம். உயிரியல் வகுப்பிலே அது பாடமாக இருக்க முடியுமா? அந்தக் கேள்விதான் அன்று நீதிமன்றம் ஏறியது. 2005 டிசம்பர் 20-ஆம் நாள் தீர்ப்பும் வெளிவந்தது. இருபது ஆண்டுக்காலத்துப் பழைய கதையை இன்று ஏன் கிளறவேண்டும் என்று கேட்போர் இருக்கலாம். தீர்ப்பு பழையதுதான், ஆனால் அந்த வழக்கிலே தோற்ற வாதம் ஓய்ந்துவிடவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு, உடையை மாற்றிக்கொண்டு, ஊர் மாறி ஊர் வந்துகொண்டேயிருக்கிறது. ஆகவே அதன் அங்க அடையாளங்களைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது என்று கருதுகிறோம்.

முதலிலே ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். உலகைக் கண்டு வியந்து, இதைச் செய்தவன் ஒருவன் இருக்கத்தான் வேண்டும் என்று ஒருவர் எண்ணினால், அது எள்ளி நகையாடத்தக்க எண்ணமன்று. 1802-இல் வில்லியம் பேலி என்ற ஆங்கிலப் பாதிரியார் அந்த எண்ணத்தை அழகானதொரு கேள்வியாக்கினார். வெட்டவெளியிலே ஒரு கடிகாரம் கிடக்கக் கண்டால், அது தானாக முளைத்தது என்போமா? செய்தவன் ஒருவன் உண்டு என்றல்லவா சொல்வோம்? அப்படியாயின், கடிகாரத்தினும் நுட்பமான கண்ணைச் செய்தவன் ஒருவன் இருக்கவேண்டாமா? இளைஞராக இருந்தபோது டார்வினும் பேலியைப் படித்தார், படித்து மகிழ்ந்தார். பின்னர் 1859-இல் அவர் வெளியிட்ட நூல், அதே கேள்விக்கு வேறொரு விடையைத் தந்தது.

அந்த விடை நமது உழவர்களுக்கு விளங்காத விந்தையன்று. விளைந்த கதிர்களிலே நல்லதாகப் பார்த்து விதைக்கு ஒதுக்குகிறான் உழவன். ஆண்டுதோறும் அப்படி ஒதுக்க ஒதுக்க, நெல்லின் இயல்பே மெல்ல மாறிவருகிறது. புறா வளர்ப்போர் தாம் விரும்பிய வால், விரும்பிய அலகு உள்ள பறவைகளையே சேர்த்துச் சேர்த்து, பார்த்தோர் வியக்கும் வகைகளை உண்டாக்குவதை டார்வின் தமது நூலின் முதல் அதிகாரத்திலேயே எடுத்துக் காட்டினார். இயற்கையிலே பொறுக்கி எடுக்கும் கை இல்லை. பஞ்சமும் பனியும் பகையும் நோயும் இருக்கின்றன. பிறக்கும் குட்டிகளுக்குள்ளே சிறு சிறு வேறுபாடு உண்டு. பிழைப்பதற்கு உதவும் வேறுபாட்டை உடையது பிழைக்கிறது; அதுவே அடுத்த தலைமுறையைப் பெறுகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகள் இப்படி நடந்தால் என்னென்ன மாறுதல்கள் விளையும் என்பதைத்தான் பரிணாமக் கொள்கை கூறுகிறது. அந்த விடையைச் சோதிக்கலாம். தவறென்று காட்டவும் முயலலாம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகெங்கும் அறிஞர்கள் அந்த முயற்சியிலேதான் ஈடுபட்டிருக்கின்றனர்.

இந்தக் கொள்கையைப் பள்ளியிலே சொல்லக் கூடாது என்று தடை போட்டுப் பார்த்தனர் ஒரு காலத்திலே. 1925-இல் டென்னசி மாநிலம், பைபிளின் படைப்பு வரலாற்றை மறுத்து, மனிதன் தாழ்ந்த உயிர்களிலிருந்து வந்தவன் என்று கற்பிப்பது குற்றம் எனச் சட்டம் இயற்றியது. அவ்வாண்டு ஜூலையில் டேட்டன் என்ற ஊரிலே ஜான் ஸ்கோப்ஸ் என்ற இளம் ஆசிரியர் குற்றவாளிக் கூண்டிலே நிறுத்தப்பட்டு, 100 டாலர் தண்டம் விதிக்கப்பட்டார். பின்னர் மேல் நீதிமன்றம் சட்ட நுணுக்கம் ஒன்றைக் காட்டி அந்தத் தண்டனையை நீக்கியது. சட்டமோ 1967 வரையிலும் நீங்கவில்லை. மறு ஆண்டே, 1968-இல், அர்க்கன்சா மாநிலத்தின் இத்தகைய தடை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தடை போட முடியவில்லை என்றானதும், சரிசமம் கேட்கத் தொடங்கினர். பரிணாமம் சொல்வீரானால் படைப்பையும் சொல்லவேண்டும்; படைப்பும் ஓர் அறிவியலே என்றனர். லூசியானா மாநிலம் அப்படி ஒரு சட்டம் செய்தது. 1987-இல் உச்ச நீதிமன்றம் அதையும் வீழ்த்தியது. அரசாங்கம் எந்த மதத்தையும் நிலைநாட்டக் கூடாது என்பது 1791-இலேயே அமெரிக்க அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட விதி. மதத்தை வளர்ப்பதற்கென்றே செய்யப்பட்ட சட்டம் அந்த விதிக்கு முரண் என்றனர் நீதிபதிகள்.

இதற்குப் பிறகுதான் 'அறிவார்ந்த வடிவமைப்பு' அரங்கேறுகிறது! ஆண்டவன் என்ற சொல் இல்லை. ஆதாம் ஏவாள் இல்லை. ஆறு நாளிலே படைத்தான் என்ற பேச்சில்லை. 'வடிவமைத்தவர்' ஒருவர் உண்டு; அவர் யார் என்று நாங்கள் சொல்லமாட்டோம் என்றனர். நல்ல மாறுவேடம்தான். ஆனால் வேடம் புனைந்தவர்கள் பழைய உடையை அரங்கத்துக்குப் பின்னாலேயே போட்டுவிட்டுப் போனதுதான் வேடிக்கை!

டோவர் மாணவர்களுக்குச் சுட்டிக் காட்டப்பட்ட புத்தகத்தின் பெயர் 'பாண்டாக்களும் மனிதர்களும் குறித்து' என்பதாகும். 1989-இல் முதலில் வெளிவந்த நூல். அதன் பழைய கையெழுத்துப் படிகளை நீதிமன்றத்தின் ஆணையால் பெற்று, வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தார் பார்பரா ஃபாரஸ்ட் என்ற தத்துவப் பேராசிரியை. என்ன கண்டார்? பழைய படிகளில் படைப்பு, படைப்புக் கொள்கையினர் என்று ஏறத்தாழ 150 இடங்களில் இருந்த சொற்கள், 1987-ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பிறகு 'வடிவமைப்பு' என்று மாற்றப்பட்டிருந்தன. சொல்தான் மாறிற்று; பொருள் மாறவில்லை. மாற்றிய அவசரத்திலே ஓரிடத்தில் கை தவறிவிட்டது. பழைய ஆங்கிலச் சொல்லின் தலையெழுத்தும் வாலெழுத்துகளும் அப்படியே நிற்க, இடையிலே புதிய சொல் செருகப்பட்டு, எந்த அகராதியிலும் இல்லாத விந்தைச் சொல்லொன்று பிறந்திருந்தது! உயிர் ஒன்று இன்னொன்றாக மாறும்போது இடைப்பட்ட வடிவம் எங்கே என்று கேட்பவர்கள் இவர்கள். இடைப்பட்ட வடிவம் அவர்கள் புத்தகத்திலேயே அகப்பட்டது!

டோவரிலே நடந்தது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்வோம். 2002-இல் அந்தப் பள்ளியிலிருந்த ஓர் ஓவியம் காணாமற் போயிற்று. மனிதனின் பரிணாமத்தைக் காட்டி மாணவர் ஒருவர் வரைந்த ஓவியம் அது. வெளியே எடுத்துச் சென்று எரித்துவிட்டனர் என்று பின்னர் தெரியவந்தது. 2004-இல் உயிரியல் பாடப் புத்தகம் வாங்கும் பேச்சு எழுந்தபோது, அதிலே டார்வின் வாடை வீசுகிறது என்று பள்ளிக் குழுவில் எதிர்ப்புக் கிளம்பியது. அக்டோபர் 18-ஆம் நாள், ஆறு பேர் ஆதரவு, மூவர் எதிர்ப்பு என்ற கணக்கிலே தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்த மூவரில் கணவனும் மனைவியுமாக இருவர் அன்றே பதவியைத் துறந்தனர்.

ஆசிரியர்கள் பணியவில்லை. இதை வகுப்பிலே படித்தால், அறிவியல் அல்லாத ஒன்றை அறிவியல் என்று மாணவரை நம்பச் செய்தவராவோம். அது எங்கள் தொழில் நெறிக்கே முரண் என்று எழுதிக் கொடுத்துவிட்டனர். மாதச் சம்பளக்காரர்கள், தமக்குச் சம்பளம் தரும் குழுவின் முகத்துக்கு நேரே இப்படிக் கூறினார்கள் என்பதை மறந்துவிட வேண்டாம். பெற்றோர் 11 பேர் வழக்குத் தொடுத்தனர். அவர்களிலே மதத்தை வெறுத்தோர் கூட்டத்தைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். தேவாலயத்திலே சிறுவர்களுக்கு பைபிள் வகுப்பு நடத்தியவர்களும் அந்தப் பட்டியலில் இருந்தனர்.

செப்டம்பர் 26-இல் ஹாரிஸ்பர்க் நகரத்தில் விசாரணை தொடங்கியது. முதல் சாட்சி கென்னத் மில்லர். பிரௌன் பல்கலைக் கழகத்து உயிரியல் அறிஞர். டார்வின் வாடை வீசுகிறது என்று குறை கூறப்பட்ட அந்தப் பாடப் புத்தகத்தை எழுதிய இருவரில் ஒருவர். கத்தோலிக்க மதத்திலே பற்றுடையவர். பரிணாமக் கொள்கையைச் சோதிப்பது எப்படி என்பதை அவர் எளிதாக விளக்கினார். மனிதனுக்கு 23 இணைக் குரோமோசோம்கள். சிம்பன்சி, கொரில்லா, உராங்குட்டான் ஆகியவற்றுக்கு 24 இணைகள். மூதாதை ஒருவரே என்றால், ஓர் இணை எங்கே போயிற்று? தொலைந்திருந்தால் உயிர் தரித்திருக்காது. ஆகவே இரண்டு ஒட்டி ஒன்றாகியிருக்க வேண்டும். ஒட்டியிருந்தால் ஒட்டுத் தழும்பு இருக்கவேண்டும். இல்லையென்றால் கொள்கைக்கு ஆபத்து! தேடினார்கள். மனிதனின் இரண்டாம் குரோமோசோமின் நடுவிலே, முனைகளில் மட்டுமே இருக்கவேண்டிய அமைப்பு, முனையோடு முனை ஒட்டியபடி அப்படியே இருந்தது. தோற்றுப்போகக் கூடிய சோதனைக்குத் தன்னை உட்படுத்திக்கொண்டு, அதிலே வென்று வந்திருக்கிறது அந்தக் கொள்கை.

எதிர்த் தரப்பின் பெரிய சாட்சி, லீஹை பல்கலைக் கழகத்து உயிர்வேதியியல் பேராசிரியர் மைக்கேல் பீஹி. அவருடைய வாதத்தையும் நேர்மையாகவே எடுத்துரைப்போம். எலிப்பொறியிலே பலகை, சுருள்வில், கம்பி, கொக்கி எல்லாம் இருந்தால்தான் எலி விழும். ஒன்றை எடுத்துவிட்டாலும் பொறி பயனற்றது. உயிரணுக்களிலும் அத்தகைய பொறிகள் உண்டு. பாக்டீரியாவின் வால், சுழலும் எந்திரம் போன்றது. அதன் உறுப்புகளில் ஒன்று குறைந்தாலும் ஓடாது. அரைகுறை வால் எதற்கும் உதவாதெனில், அது படிப்படியாக எப்படித் தோன்றியிருக்கும்? இதுதான் அவருடைய வாதம்.

கேட்பதற்கு வலுவாகத்தான் இருக்கிறது. மில்லரோ, எலிப்பொறியின் சில உறுப்புகளைக் கழற்றிவிட்டு, மிச்சத்தைக் கழுத்துப்பட்டையிலே ஊக்காக மாட்டிக் காட்டியிருக்கிறார். எலி பிடிக்க உதவாததால் எதற்குமே உதவாது என்று ஆகிவிடுமா? பாக்டீரியாவின் கதையும் இதுவே. அந்த வாலின் அடிப்பாகத்துப் புரதங்களிலே பத்து வரையில் ஒத்திருக்கும் வேறொரு கருவி, சில நோய்க் கிருமிகளிடம் இருக்கிறது. அது சுழல்வதில்லை, நஞ்சைப் பாய்ச்சும் ஊசியாக வேலை செய்கிறது. அரைகுறை வால் என்று சொல்லப்பட்டது முழு ஊசியாகப் பிழைத்து நிற்கிறது.

உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் பரிணாமத்தால் எப்படி வந்தது என்பதற்கு விஞ்ஞானத்திலே விடையே இல்லை என்று பேராசிரியர் எழுதியிருந்தார். குறுக்கு விசாரணையின்போது அதுபற்றிய 58 ஆய்வுக் கட்டுரைகளும் ஒன்பது நூல்களும் பாடநூல் அதிகாரங்கள் பலவும் அவர் முன்னே அடுக்கப்பட்டன. அவருக்கு அவை போதவில்லை! அவருடைய இலக்கணப்படி அறிவியல் கோட்பாடு எது என்று துருவியபோது, அந்த இலக்கணத்துக்குள் சோதிடமும் அடங்கும் என்பதை ஒப்புக்கொண்டார். கதவை அவ்வளவு அகலமாகத் திறந்தால்தான் தம்முடைய கொள்கை உள்ளே நுழைய முடியும் என்றால், கூடவே கிளி சோதிடமும் நுழையுமே! ஒன்றை வா என்றும் மற்றதைப் போ என்றும் எந்த நியாயத்தின் பேரிலே சொல்வது?

இனி, 'வெறும் கொள்கைதானே' என்ற பேச்சுக்கு வருவோம். தெருத் திண்ணையிலே, "எனக்கென்னவோ இப்படித்தான் நடந்திருக்கும் என்று தோன்றுகிறது" என்கிறோமே, அந்தப் பொருளிலே அறிவியலார் அச்சொல்லைப் பயன்படுத்துவதில்லை. பலதுறைச் சான்றுகளை ஒரே நூலிலே கோத்து, இதுவரை காணாததைக்கூட முன்கூட்டிச் சொல்லி, சோதனைக்கு நிற்பதையே அவர்கள் அப்படி அழைக்கின்றனர். நோய்களுக்குக் கிருமிகளே காரணம் என்பதும் அவர்கள் பேச்சில் ஒரு கோட்பாடுதான். வெறும் கோட்பாடுதானே என்று அறுவை மருத்துவர் கை கழுவாமல் வந்தால், ஒப்புவோமா?

பரிணாமத்திலே விடை காணாத இடங்கள் இல்லையா? உண்டு. உயிருள்ள எந்த ஆராய்ச்சியிலும் உண்டு. ஆனால் அங்கே அறிஞன் செய்வதென்ன? மண்வெட்டியை எடுக்கிறான். மீனுக்கும் நாற்கால் விலங்குக்கும் இடைப்பட்டது ஏறத்தாழ 37.5 கோடி ஆண்டுப் பாறையிலே இருக்கவேண்டும் என்று கணித்து, கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவிலே உறைபனியோடு ஆண்டுக்கணக்கில் போராடித் தோண்டினர் நீல் ஷூபினும் அவருடைய தோழர்களும். கிடைத்தது 'டிக்டாலிக்'. செதிலும் துடுப்பும் மீனுடையவை; தட்டையான தலையும் திரும்பும் கழுத்தும் துடுப்புக்குள்ளே மணிக்கட்டு போன்ற எலும்புகளும் தரைவாழ் விலங்குகளை நோக்கியவை. டோவர் தீர்ப்பு வந்து நான்கு திங்கள் ஆகுமுன், 2006 ஏப்ரலில் அந்தச் செய்தி வெளியாயிற்று. ஓட்டை தெரிந்த இடத்திலே ஒருவன் தோண்டுகிறான். இன்னொருவன் அங்கே 'வடிவமைத்தவர்' என்று எழுதிப் பலகை நட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறான். இவ்விருவரில் எவனிடம் நம் பிள்ளைகளைப் படிக்க அனுப்புவது?

"இரண்டு பக்கமும் சொல்லிவிடுங்கள், பிள்ளைகளே முடிவு செய்யட்டும்" என்கின்றனர் சிலர். 2005 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் புஷ்கூட இந்தக் கருத்தையே கூறினார். ஜனநாயக மணம் கமழும் பேச்சு! அதனாலேயே இதைச் சற்று நின்று பார்க்கவேண்டும். இரு பக்கமும் கேள் என்பது வழக்கு மன்றத்துக்கு உரிய நெறி; அங்கே இரு பக்கத்தாரும் சான்று காட்டவேண்டும், இரு பக்கத்தாரும் குறுக்கு விசாரணைக்கு நிற்கவேண்டும். அறிவியலின் வழக்கு மன்றம், துறை வல்லவர்கள் சரிபார்த்து வெளியிடும் ஆய்விதழும் ஆராய்ச்சிக் கூடமுமாகும். அங்கே போய்ச் சான்று காட்டி வென்று, பிறகு பாடப் புத்தகத்துக்கு வரட்டும். வருவதற்குத் தடையே இல்லை. மற்ற எல்லாப் பாடமும் வந்த பாதை அதுதான். இவர்களோ அந்த மன்றத்தின் படியேறாமல், ஊர்ப் பள்ளிக் குழுவிலே கை தூக்கி ஆறுக்கு மூன்று என்று வென்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் வந்து நின்றனர். அறிஞர் அவையைத் தவிர்த்துவிட்டுச் சிறுவர் அவையிலே சபாஷ் வாங்குவதா சமநீதி? அந்தச் சிறுவரும் கேள்வி கேட்கக் கூடாதாம்!

மக்களின் வாக்கு, ஆட்சியை அமைக்கலாம், வரி விதிக்கலாம், பள்ளி கட்டலாம். மக்கள் வாக்கை மதிப்பதிலே எவருக்கும் நாம் இளைத்தவரல்லோம். ஆனால் எட்டும் ஏழும் பதினைந்தா பதினாறா என்பதை வாக்கெடுத்து முடிவு செய்ய முடியாது.

மதப்பற்றுள்ள ஒரு தாயின் கலக்கத்தையும் நாம் அறியாமலில்லை. 'இந்தப் பாடத்தைப் படித்தால் என் பிள்ளை ஆண்டவனை மறந்துவிடுமே' என்று அவள் அஞ்சுகிறாள். அந்த அச்சத்தைக் கேலி செய்வது நமது நோக்கமன்று. அவளுக்கு ஒன்று சொல்வோம்: தொட்டில் ஆடுகிறது. ஏன் ஆடுகிறது? கயிற்றை இழுத்துவிட்டதால் ஆடுகிறது என்பது ஒரு விடை. குழந்தை உறங்கவேண்டுமென்று தாய் விரும்பியதால் ஆடுகிறது என்பது இன்னொரு விடை. முதல் விடை மெய்யானதால் இரண்டாவது விடை பொய்யாகிவிடவில்லை. எப்படி ஆடுகிறது என்பதை அளந்து சொல்ல வல்லது அறிவியல். எதற்காக என்ற கேள்வி அதன் அளவுகோலுக்கு அப்பாற்பட்டது. அந்தக் கேள்வியை வீட்டிலே பேசலாம், தேவாலயத்திலே பேசலாம், தத்துவ வகுப்பிலே வாதாடலாம். யாரும் தடுக்கவில்லை.

ஜார்ஜ்டவுன் பல்கலைக் கழகத்துக் கத்தோலிக்க இறையியல் அறிஞர் ஜான் ஹாட், பெற்றோர் தரப்பிலேதான் சாட்சியம் அளித்தார். டார்வினின் கொள்கையை அமெரிக்காவில் முன்னின்று பரப்பிய ஆசா கிரே என்ற தாவரவியல் அறிஞர், ஆழ்ந்த கிறித்தவப் பற்றுடையவர். 1996-இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் ஊகம் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்று அறிவித்தார். பரிணாமத்தை ஏற்று மதத்தைக் கைவிட்டவர்களும் உண்டு. அது அவரவர் முடிவு, அவரவர் உரிமை. ஆனால் இரண்டிலொன்றைத் தேர்ந்தெடு என்று பதினான்கு வயதுப் பிள்ளையை மிரட்டியது பாடப் புத்தகமன்று. மதத்தைக் காப்பாற்றக் கிளம்பியவர்களே அந்த மிரட்டலைச் செய்தனர்.

அவர்கள் காப்பாற்றிய அழகுதான் என்ன? அந்தப் புத்தகங்கள் பெயர் கூறாத நன்கொடையாளரிடமிருந்து பள்ளிக்கு வந்தன. கொடுத்தவர் யாரென்றே தெரியாது என்ற பொருள்பட முன்விசாரணையிலே விடையளித்தனர் குழுவின் முக்கிய உறுப்பினர் இருவர். விசாரணையிலே வெளிப்பட்டது வேறு. அவர்களில் ஒருவர் தம்முடைய தேவாலயத்திலே பணம் திரட்டி, 850 டாலருக்குக் காசோலை எழுதி, மற்றவருடைய தந்தையின் பெயருக்கு அனுப்பியிருந்தார்! படைப்புக் கொள்கை என்ற சொல்லையே உச்சரித்ததில்லை என்றார் ஒருவர். உச்சரித்த தொலைக்காட்சிப் படம் மன்றத்திலே ஓடியது. ஆண்டவன் பெயரால் சத்தியம் செய்துவிட்டுக் கூண்டேறியவர்கள், ஆண்டவனுக்காகவே உண்மையை மறைத்தனர். பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது அவர்கள் வேதத்திலேயே பத்துக் கட்டளைகளில் ஒன்றல்லவா?

தீர்ப்பளித்த நீதிபதி ஜான் ஜோன்ஸ், குடியரசுக் கட்சியைச் சார்ந்தவர். அதே புஷ் 2002-இல் நியமித்தவர். நம்மவர் வந்திருக்கிறார் என்று மகிழ்ந்தோரும் இருந்தனர். 139 பக்கங்களிலே அவர் தீட்டிய தீர்ப்பு, 'அறிவார்ந்த வடிவமைப்பு' அறிவியலன்று, படைப்புக் கொள்கையின் மறுபிறவியே, ஆகவே குழுவின் செயல் அரசியல் சட்டத்துக்கு முரண் என்றது. ஆண்டவன் உண்டா இல்லையா என்று அவர் தீர்ப்பளிக்கவில்லை. அந்த வாதம் உண்மையாகவே இருக்கலாம், அதுபற்றி மன்றத்துக்கு முடிவு கிடையாது. அது அறிவியலன்று என்பதே மன்றத்தின் முடிவு என்றார். எல்லை அறிந்து பேசிய பேச்சு! அதற்குக் கிடைத்த பரிசு, அவருக்கும் குடும்பத்துக்கும் காவல் போடவேண்டிய அளவுக்கு வந்த கொலை மிரட்டல்.

தீர்ப்புக்கு முன்பே ஊர் மக்கள் தங்கள் தீர்ப்பை வழங்கிவிட்டனர். நவம்பர் 8-ஆம் நாள் நடந்த தேர்தலிலே, போட்டியிட்ட பழைய உறுப்பினர் எட்டுப் பேரும் தோற்றனர். இனி உங்கள் ஊருக்குப் பேரிடர் வந்தால் ஆண்டவனிடம் முறையிடாதீர்கள் என்று தொலைக்காட்சியிலே சபித்தார் பாட் ராபர்ட்சன் என்ற மதபோதகர். ஞாயிறுதோறும் தேவாலயம் செல்லும் ஊரைப் பார்த்து இந்தச் சாபம்! புதிய குழு மேல்முறையீடு செய்யவில்லை. வழக்குச் செலவுக்காகப் பள்ளி நிர்வாகம் கொடுக்க நேர்ந்த தொகை 10,00,011 டாலர். அந்தப் பணத்திலே எத்தனை ஆய்வுக் கூடங்கள், எத்தனை நுண்ணோக்கிகள், எத்தனை நூல்கள் வாங்கியிருக்கலாம் என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு நிமிட அறிக்கைக்கு அந்த ஊர்ப் பிள்ளைகள் கொடுத்த விலை அது.

டோவர் தரும் பாடத்தை நாம் இப்படித்தான் புரிந்துகொள்கிறோம். வகுப்பறைக்குள் வருவது எதுவானாலும், பரிணாமமாயினும் வேறெதுவாயினும், வாசலிலே நிறுத்தி இரண்டு கேள்விகள் கேட்போம். எந்தச் சோதனைக்கு நின்று வென்றுவிட்டு வந்தாய்? உன்னை மாணவர் கேள்வி கேட்கலாமா? இவ்விரண்டுக்கும் விடை சொல்ல வல்லது உள்ளே வரட்டும். விடை சொல்ல மறுப்பது, எவ்வளவு புனிதமான பெயரைச் சூட்டிக்கொண்டு வந்தாலும், எவ்வளவு பெரிய பதவியிலிருப்போர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாலும், வெளியேதான் நிற்கவேண்டும்.

மதம் தன் சொந்தப் பெயரோடு, தன் சொந்த இடத்திலே நிற்கலாம். மாறுவேடம் அதற்கு மதிப்பு சேர்க்காது. அறிவியலுக்கும் காவற்படை வேண்டியதில்லை. கேள்வி கேட்கும் பிள்ளைகளும், அவர்களை அதட்டாத ஆசிரியர்களும் இருந்தால் போதும். அத்தகைய ஆசிரியர்கள் டோவரிலே இருந்தார்கள். ஆணைத் தாளைக் கையிலே திணித்தபோது, படிக்கமாட்டோம் என்றார்கள். எந்த நாட்டுப் பள்ளியானால் என்ன, அந்த மறுப்பைச் சொல்லும் துணிவு அங்கே இருக்கும் வரையில் பிள்ளைகளின் அறிவுக்குக் கேடு வராது!